ஒற்றை வெட்டுச் சோக்

துவக்குப் பட்டறைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் மூன்று பேரும் சேர்ந்து எனக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தீர்கள். பறவை வேட்டைக்கு எந்தச் சோக் நல்லது, அதை எப்படிப் பராமரிப்பது, தமிழில் எழுதித் தாருங்கள் என்று. இதெல்லாம் நோர்ஸ்க்கில், அதுதான் நோர்வே மொழியில், கைநூலாகவே இருக்கும்போது என்னிடம் ஏன் கேட்கிறீர்கள் என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். ஓய்வுபெற்ற மனுசன் பொழுது போகாமல் வீட்டில் இருக்கிறான், ஏதாவது வேலை கொடுங்கள் என்று யாரோ சொல்லிவிட்டிருக்க வேண்டும். யார் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன்.

பாடம் சின்னது. துவக்கின், அதாவது வேட்டைத் துப்பாக்கியின், வாயில் உட்புறமாக முறுக்கிப் பூட்டும் விரல் நீளக் குழாய்தான் சோக். தோட்டாவுக்குள் இருக்கும் சன்னங்கள், அந்தச் சிறு உருண்டைகள், வெளியே போகும்போது எவ்வளவு விரிய வேண்டும் என்பதை அது தீர்மானிக்கிறது. இறுக்கமான சோக் சன்னங்களைத் தூரம்வரை ஒன்றாக வைத்திருக்கும். திறந்த சோக் கிட்டவே விரித்துவிடும். விளிம்பில் சிறு வெட்டுகள் இருக்கும். ஒரு வெட்டு என்றால் ஆக இறுக்கம், வெட்டுகள் கூடக்கூட இளக்கம். மலையில் நாய் மோப்பம் பிடித்து நிற்க, காலடியிலிருந்து கிளம்பும் ரீப்பே என்ற காட்டுக்கோழிக்கு இறுக்கம் தேவையில்லை. வேட்டை முடிந்து வந்ததும் சோக்கைக் கழற்றித் துடைத்து, புரியில் மெல்லிசாகக் கிரீஸ் பூசித் திரும்ப முறுக்கி வையுங்கள். கைநூல் இவ்வளவுதான். மிச்சம் முழுவதும் சந்தேகம்.

எனக்குச் சந்தேகப்படப் பழக்கியவர் ஒரு பெண். வடக்கே ஹம்மர்பெஸ்ட் ஊர்க்காரி, என்னைவிட வயது குறைந்தவர், பட்டறைக்குத் தலைவி. பெயரை எழுதவில்லை. எழுதினால் ஏன் எழுதினாய் என்று கேட்பார். நானும் நோர்வேக்கு வந்த புதிதில் அந்த ஊரில் மீன் வெட்டியவன், அதைச் சொன்னால் கொஞ்சம் ஒட்டுவார் என்று நினைத்துச் சொல்லிப் பார்த்தேன். எந்தத் தொழிற்சாலை, எந்த வாசல் பக்கம் என்று விசாரித்துவிட்டு, வேலையைப் பார் என்றார்.

முதல் வாரமே பெட்டியிலிருந்து புதுச் சோக் ஒன்றை எடுத்துத் தந்து, இது என்ன என்று கேட்டார். விளிம்பைப் பார்த்தேன். மூன்று வெட்டு, நடுத்தரம் என்றேன். அளவுமானியை நீட்டினார். உள்ளே விட்டு அளந்தால் நடுத்தரமும் இல்லை, ஒன்றும் இல்லை, ஏறக்குறைய ஆக இறுக்கம். வெட்டு என்பது யாரோ ஒருவர் சொன்ன கதை என்றார். பிறகு, "நீ பார்த்தாயா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை அவர் வாயிலிருந்து நான் கேட்ட தடவைகளுக்குக் கணக்கே இல்லை. பெட்டியில் எழுதியிருந்தால் நம்பாதே, அளந்து பார். அளந்தாலும் நம்பாதே, நூறடி நடந்து தாளில் சுட்டுப் பார். தாளில் விழுந்த ஓட்டைகளை மட்டும் அவர் நம்புவார். எனக்கு அந்த வேலை பிடித்துப்போனதற்கு அதுதான் காரணம். ஊரிலிருந்தே நான் ஒருவரையும் லேசில் நம்புகிற ஆள் இல்லை.

இனி நடந்ததைச் சொல்கிறேன். ஈயச் சன்னத்தைத் தடை செய்ததற்கு அடுத்த வருடம், ரீப்பே வேட்டை தொடங்குகிற வாரம். ஈயம் போனதும் எல்லோரும் இரும்புச் சன்னத்துக்கு மாறவேண்டி வந்தது. ஈயம் மெத்தென்றது, இறுக்கமான சோக்குக்குள் நசிந்து கொடுத்துப் போய்விடும். இரும்பு நசியாது. ஈயக் காலத்து இறுக்கமான சோக்குக்குள்ளால் இரும்பைச் சுட்டால் சோக் வீங்கும், குழலோடு இறுகிப் பிடிக்கும், அதற்குப் பிறகும் விடாமல் சுட்டால் வாய் கிழியவும் கூடும். கிழியாமலும் போகலாம். அதுதான் கூடாத விசயம், பத்துத் தரம் ஒன்றும் நடக்காவிட்டால் ஆள் நம்பிவிடுவான்.

அப்போது ஒரு நாள் காலை ஒரு தமிழர் பட்டறைக்கு முன்னால் இருக்கும் எங்கள் கடைக்குள் வந்தார். நாற்பது வயதிருக்கும், நல்ல மழைச்சட்டை, ஒட்ட வெட்டின மீசை. பார்த்ததும் யாழ்ப்பாணம் என்று எனக்குத் தெரிந்தது. அவருக்கும் என்னைத் தெரிந்தது. இரண்டு பேரும் தெரியாத மாதிரி நின்றோம். அவர் நோர்ஸ்க்கில் வணக்கம் சொன்னார், நானும் நோர்ஸ்க்கில் சொன்னேன். இரண்டு பேருடைய நோர்ஸ்க்கிலும் யாழ்ப்பாணம் மணத்தது.

நீங்கள் இங்கே பிறந்தவர்கள், உங்களுக்கு இது விளங்காது. ஊரில் சண்டை நடந்த அந்த வருடங்களில் ஒரு தமிழன் முன்பின் தெரியாத தமிழனைக் கண்டால் முதலில் கேட்கிற கேள்வி "ஊரிலை எவடம்", ஊரில் எந்த இடம் என்பது. அதற்குள் ஆயிரம் கேள்வி இருக்கும். எந்தப் பக்கம், ஆருடைய ஆள், ஆரிடம் போய் என்ன சொல்லுவாய். அதனால் புத்தியுள்ளவன் தமிழையே தொடங்கமாட்டான். அதிலும் இது துவக்குக் கடை. இந்த ஆளுக்குத் துவக்கு எதற்கு என்று நான் யோசித்தேன். துவக்குக் கடைக்குள் இந்தக் கிழவனுக்கு என்ன வேலை என்று அவர் யோசித்திருப்பார். அதில் பிழை சொல்ல முடியாது.

சோக் கழற்றுகிற சாவி ஒன்று வேண்டும் என்றார். துவக்கு என்ன வகை என்று கேட்டேன். சொன்னார். பழைய ஒற்றைக்குழல், ஈயக் காலத்தது. அதை வாங்கினால் சாவியும் கூடவே வந்திருக்குமே என்றேன். இருக்கிறது, இன்னொன்று வேண்டும் என்றார். உள்ளே என்ன சோக் இருக்கிறது என்று கேட்டேன். நல்லது என்றார். எங்கே வேட்டை, நாயோடா, நாய் இல்லாமலா என்று கேட்டேன். பட்டறையில் எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான். அவர் முகம் கதவு சாத்தின மாதிரி ஆகிவிட்டது. திறந்த சோக் ஒன்றை எடுத்துக் காட்டி, ரீப்பே என்றால் இதைப் போடுங்கள் என்றேன். விலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நல்ல சாமானை வெள்ளைக்காரனுக்கு ஒதுக்கிவிட்டு எனக்கு மலிவானதைத் தள்ளுகிறான் என்று நினைக்கிறார், எனக்குத் தெரியாதா. நன்றி சொல்லிவிட்டு, மற்றக் கரையில் நின்ற நோர்வேக்காரப் பையனிடம் போனார். கடைக்குள் தமிழன் நின்றால் அவனைத் தாண்டிப்போய் வெள்ளை முகத்திடம் கேட்பது நம்மவர்களின் வழக்கம். நானும் வங்கியில் அதைத்தான் செய்கிறேன்.

அவர் போனதும் என்ன வாங்கினார் என்று விற்ற பையனிடம் விசாரித்தேன். சாவியும், கடையில் இருந்ததிலேயே பலமான இரும்புச் சன்னத் தோட்டாவும். நாளைக் காலை வேலையிடத்து ஆட்களோடு மலைக்குப் போகிறாராம். நான் கேட்டபோது வாயைத் திறக்காதவர் அவனிடம் எல்லாம் சொல்லியிருக்கிறார்.

மேசைக்கு வந்து வேலையைப் பார்க்க முயன்றேன், முடியவில்லை. சாவி இருக்கிறவன் இன்னொரு சாவி வாங்குகிறான் என்றால் சோக் கழலவில்லை. இறுகிப் போயிருக்கிறது. ஏன் இறுகியது? துரு பிடித்திருக்கலாம், வீங்கியிருக்கலாம். துவக்கைக் கடைக்குக் கொண்டுவந்திருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். கொண்டுவரவில்லை. நாளைக்கு அதே குழலில் பலமான இரும்பு. சுடும்போது இடது கை குழலைத்தான் பிடித்திருக்கும்.

தலைவியிடம் போய்ச் சொன்னேன். எல்லாம் என் ஊகம், சோக்கை நான் கண்ணால் காணவில்லை என்றும் சொன்னேன். அப்படியென்றால் போய்ப் பார் என்றார். கடைப் பதிவிலிருந்து முகவரி எடுக்க முதலாளி விடமாட்டார், அது வாடிக்கையாளரின் அந்தரங்கம். அதைச் சொன்னேன். நீங்கள் தமிழர் ஒருவரை ஒருவர் கண்டுபிடிக்க முகவரி தேவையா என்று கேட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

ஒஸ்லோவின் ட்வெய்ட்டாப் பகுதியில் நான் சாமான் வாங்குகிற தமிழ்க் கடைக்குப் போய், மழைச்சட்டை, ஒட்ட வெட்டின மீசை, வேலையிடத்தில் வேட்டைக்குப் போகிற கூட்டம் என்று அடையாளம் சொன்னேன். கடைக்காரர் அரிசி மூட்டையை விட்டுவிட்டு நிமிர்ந்தார். ஏன் தேடுறியள், என்ன அலுவல், அவரை உங்களுக்கு எப்படித் தெரியும் என்று என்னைத்தான் விசாரித்தார். ஒரு சாமான் மாறிப்போச்சு என்றேன். பாதி நம்பி, ரொம்சோஸ் குடியிருப்பில் எந்தக் கட்டடம் என்று சொன்னார். நான் கதவைத் தாண்டும்போதே தொலைபேசியை எடுத்துவிட்டார். ஆகவே ரொம்சோஸில் நான் மணியை அடித்தபோது உள்ளே எல்லாம் தயார்.

கதவு சங்கிலி அளவுக்குத் திறந்தது. மனைவி. நான் வாயைத் திறக்கமுன், "நாங்கள் போன மாசமே குடுத்திட்டம்" என்றார். வாசலில் தெரியாத தமிழர் நின்றால் இயக்கத்துக்குக் காசு சேர்க்க வந்தவர் என்பதுதான் அர்த்தம். எனக்கு ஒன்றும் வேண்டாம், துவக்குக் கடையிலிருந்து வருகிறேன் என்றேன். அதைக் கேட்டதும் அந்தப் பெண் திரும்பிக் கணவனைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன்.

"துவக்குக்குப் பயந்துதானே இஞ்சை ஓடி வந்தனாங்கள். இப்ப இவர் தேடிப்போய் ஒண்டை வாங்கி அலமாரிக்குள்ளை பூட்டி வைச்சிருக்கிறார். இப்ப ஆக்களும் வரத் தொடங்கீற்றினம்."

கணவர் சங்கிலியை எடுத்துவிட்டு வெளியே வந்து கதவைத் தன் பின்னால் சாத்தினார். இன்னும் நோர்ஸ்க். என்ன வேண்டும் என்று கேட்டார். நான்தான் முதலில் தமிழுக்கு வந்தேன். பெரிய மனசால் இல்லை, வாய் கிழிந்த குழலை நோர்ஸ்க்கில் பயம் வருகிற மாதிரிச் சொல்ல எனக்குத் தெரியாது.

"தம்பி, உம்மடை துவக்கிலை சோக் இறுகிப்போய்க் கிடக்கு. அதோடை நாளைக்குச் சுடாதையும்."

"உங்களை ஆர் அனுப்பினது?"

"ஒருத்தரும் அனுப்பேல்லை."

"ஒருத்தரும் அனுப்பாமல் ஆர் வருவினம்?"

சோக் இறுகினது எனக்கு எப்படித் தெரியும், யார் சொன்னது என்று அடுத்த கேள்வி. சாவியை வைத்துக் கண்டுபிடித்தேன் என்றேன். அது அவருக்கு இன்னும் கூடாமல் போயிற்று. ஒரு சாவியை வைத்து வீடு தேடி வருகிறவன் மற்றதையெல்லாம் வைத்து என்ன செய்வான். எனக்கு ஆத்திரம் வந்தது. திரும்பிப் போய்விடலாம் என்று இருந்தது. அவருடைய இடது கை கதவின் பிடியில் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

என்னை நம்ப வேண்டாம் என்று சொன்னேன். உள்ளே போய்த் துவக்கு வெறுமை என்று பார்த்து, குழலைக் கழற்றி, யன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பாரும். வழவழவென்று இருந்தால் நான் பைத்தியக்காரன், போய்விடுகிறேன். வாய்ப் பக்கத்தில் நிழல் மாதிரி ஒரு வளையம் தெரிந்தால் வந்து கதவைத் திறவும்.

கதவு மூடியது. கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தது. அந்த வளையம் அழுக்காயிருக்கும் என்றார், ஆனால் தமிழில் சொன்னார்.

உள்ளே கூப்பிட்டுக் குழலைக் காட்டினார். விளிம்பில் ஒரே ஒரு வெட்டு. ஆக இறுக்கம். வளையம் எனக்குக் கண்ணாடி இல்லாமலே தெரிந்தது. எத்தனை தரம் சுட்டீர் என்று கேட்டேன். இதில் ஒருதரமும் இல்லையாம், வேட்டைப் பரீட்சைக்குப் பழகினது கழகத்துத் துவக்கில். இது வேலையிடத்து மேலாளர் போன மாதம் அவருக்கு விற்றது. பறவையைத் தூரத்திலேயே விழுத்தும், இதைவிட நல்ல துவக்கு கிடையாது என்று சொல்லிக் கொடுத்தாராம். பழைய சாவியும் பெட்டியில் இருந்தது, அதன் முனை முறுகிப் போயிருந்தது.

அப்போதுதான் மனிதர் கொஞ்சம் மனம் விட்டுக் கதைத்தார். வரைபட அலுவலகத்தில் பல வருடமாக வேலை. ஒவ்வொரு இலையுதிர்காலமும் திங்கட்கிழமைச் சாப்பாட்டு மேசையில் மலைக் கதை, நாய்க் கதை. இவர் பாண் துண்டைத் தின்றுகொண்டு கேட்டுக்கொண்டு இருப்பார். இந்த வருடம்தான் முதல்முதலாக நீயும் வா என்று கூப்பிட்டிருக்கிறார்கள். இதை விட்டால் இனிக் கூப்பிட மாட்டினம் அண்ணை என்றார். ஒரு துவக்குக்காக இவ்வளவா என்று நீங்கள் நினைக்கலாம். நான் நினைக்கவில்லை. அந்த மேசை எனக்கும் தெரியும்.

பட்டறைக்குக் கொண்டுபோனால் பார்க்கலாம் என்றேன். துவக்கை என்னிடம் தரமாட்டார், அது சரி, தரவும் கூடாது. தானே கொண்டுவரவும் தயங்கினார். காலையில் கொண்டுவராததற்கும் அதுதான் காரணமாம். ரொம்சோஸ் நிலையத்தில் எப்போதும் நாலு தமிழர் நிற்பார்கள். நீளப் பெட்டியோடு போகிறவனைப் பார்த்தால் ஒரு கிழமைக்குள் ஒஸ்லோ முழுக்கக் கதை வேறு விதமாய்ப் போய்விடும். அந்தப் பயத்தால்தான் கிழிகிற குழலோடு மலைக்குப் போகத் துணிந்திருக்கிறார். நான் சிரிக்கவில்லை. நான் பட்டறையில் வேலை செய்வதை என் மச்சானுக்கே பல வருடம் கடிகாரக் கடை என்றுதான் சொல்லி வைத்திருந்தேன்.

முடிவு எடுத்தது மனைவி. அலமாரிக்கு மேலிருந்து கிரிக்கெட் மட்டை வைக்கிற நீளப் பையை இழுத்து எடுத்தார். மட்டையை வெளியே எடுத்துவிட்டுத் துவாயில் சுற்றிய குழலை உள்ளே வைத்து, ஜிப்பை இழுத்து மூடிக் கணவனின் தோளில் மாட்டிவிட்டார். நானும் வாறன் என்று சொல்லிச் செருப்பையும் மாட்டிக்கொண்டார். எங்கள் இருவரையும் அவர் நம்பவில்லை.

நிலையத்தில் கணவருக்குத் தெரிந்த ஒருவர் நின்றார். மழை பெய்யுது, எங்கை மாட்ச் என்று கேட்டார். மூவரும் ஒரே நேரத்தில் மூன்று இடம் சொன்னோம். ரயில் வந்தது, ஏறிவிட்டோம்.

பட்டறையில் தலைவி குழலைக் கவ்வியில் பிடித்து, எண்ணெய் விட்டு, சூடு காட்டி, மறுபடி எண்ணெய் விட்டு வேலை செய்தார். கடை சாத்துகிற நேரம் சோக் ஒரு முனகலோடு கழன்றது. மேசையில் வைத்தார். அடிப்பக்கம் வீங்கி, ஒரு பக்கம் மயிர்க்கோடு போல வெடிப்பு. அதற்குள்ளால் யாரோ முன்பே இரும்பு சுட்டிருக்கிறார்கள், ஒன்றிரண்டு தரம் இல்லை. குழலும் வளையம் விழுந்து கெட்டுவிட்டது. இது திருந்தாது என்றார் தலைவி.

துவக்குக்காரர் சோக்கைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தார். "மேலாளருக்குத் தெரிஞ்சுதான் எனக்கு வித்தவரோ?"

என் மனதில் இருந்தது ஓம் என்றுதான். ஈயத் தடை வந்த பிறகு உதவாத துவக்கைப் புதியவன் தலையில் கட்டினவர்களை நான் கண்டிருக்கிறேன். மனைவி, போகாதேங்கோ என்றார். அந்த ஆளோடு ஒரே மலையில், ஒரே குடிலில் இரண்டு நாள். கடைசியில் கணவர், போகிறேன், துவக்கு இல்லாமல் போகிறேன் என்றார். சோக்கைப் பையில் போட்டுக்கொண்டார்.

அந்தச் சனி ஞாயிறு எனக்கு ஒன்றும் ஓடவில்லை. மலையில் சந்தேகத்தோடு இரண்டு மனிதர், ஒருவரிடம் துவக்கு. நல்ல யோசனை எதுவும் வரவில்லை.

அடுத்த வாரம் அவர் கடைக்கு வந்தார். பின்னால் நெடிய நோர்வேக்காரர் ஒருவர் துவக்குப் பெட்டியோடு வந்தார். அவர்தான் மேலாளர். குடிலில் முதல் இரவு இவர் ஒன்றும் கேட்காமல் அந்தச் சோக்கைச் சாப்பாட்டு மேசையில் அவருக்கு முன்னால் வைத்தாராம். மேலாளர் எடுத்துப் பார்த்தார், விரலால் வெடிப்பைத் தடவினார். பிறகு எழும்பிப்போய்த் தன் துவக்கின் குழலைக் கழற்றி விளக்குக்கு நேரே பிடித்தார். அதற்குப் பிறகு அவர் அந்த வேட்டையில் ஒரு வெடியும் வைக்கவில்லை. இருவரும் நாயோடு நடந்து, மற்றவர்கள் விழுத்தின பறவையைத் தூக்கிக்கொண்டு வந்தார்களாம்.

தலைவி மேலாளரின் குழலைப் பிடித்துச் சோக்கைக் கழற்றினார். ஒரே ஒரு வெட்டு, அதே வீக்கம், அதே நிழல் வளையம். மனிதர் போன வருடம் முழுக்கத் தன் துவக்கிலும் அப்படித்தான் சுட்டிருக்கிறார். சிறு வயதிலிருந்து இந்த மலைகளில் வேட்டையாடுகிறவர், இறுக்கமானதுதான் நல்லது என்று அப்பா சொன்னதை நம்பியவர். நான் அவரைப் பற்றி நினைத்து வைத்திருந்தது பிழை. அதை நம்பினேன், ஏனென்றால் பார்த்தேன்.

உங்களுக்கு நான் சொல்ல வந்தது இதுதான். கடைக்கு வருகிறவர் எந்த ஊர், எந்தப் பக்கம், ஏன் வாங்குகிறார் என்று ஆராய்வதில் சந்தேகத்தைச் செலவழித்துவிடாதீர்கள். அது வெட்டிலும் புரியிலும் குழலிலும் தேவைப்படும். துவக்கைக் கொண்டுவராமல் சாவி மட்டும் கேட்கிறவரை விடாதீர்கள். கோபித்தாலும் விடாதீர்கள்.

மேலாளர் தலைவியோடு திறந்த சோக்குகளைப் பார்த்துக்கொண்டு நிற்க, நம்மவர் தனியே என் மேசைக்கு வந்தார். முதல் நாள் மாதிரி நோர்வேக்காரப் பையனைத் தேடவில்லை. என் அளவுமானியைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"அண்ணை, ஊரிலை நீங்கள் எவடம்?"

"ஏன் கேக்கிறீர்?"

"சும்மாதான்."

"சும்மா ஆர் கேப்பினம்?" என்றேன். அவர் சிரித்தார். கதிரையை இழுத்துப் போட்டு, இருக்கச் சொல்லிவிட்டு, ஊரின் பெயரைச் சொன்னேன்.